சங்கப் பாடலுக்கு ஆய்வேட்டில் பாட்டு எண் மட்டும் கொடுத்தால் போதுமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டில் சங்கப் பாடல், குறள், தொல்காப்பிய வரிகளை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருப்பதாகவும், 'புறம். 192' (புறநானூறு, 192-ஆம் பாட்டு) என்று எண் மட்டும் கொடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் வாசகர் அதே வரியைத் தேடிப்போய்ப் பார்த்து, நீங்கள் சொன்னது சரிதானா என்று முடிவுசெய்யத்தான் சான்று கொடுக்கிறோம். நம் பழைய நூல்கள் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்தவை. பதிப்புக்குப் பதிப்பு பாடம், அதாவது வரியில் உள்ள சொற்கள், மாறும். ஒரு சொல்லை வைத்து நீங்கள் வாதம் கட்டியிருக்க, வாசகர் கையில் உள்ள பதிப்பில் அந்த இடத்தில் வேறு சொல் இருந்தால் அவர் என்ன நினைப்பார்?

எண் கூட நிலையானது இல்லை. குறளுக்கு நாம் இன்று போடும் எண் உரையாசிரியர் பரிமேலழகர் வைத்த வரிசை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு வரிசையில் வரும். தொல்காப்பியத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாக (இலக்கண விதியாக) கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அங்கிருந்து எண்கள் நகர்ந்துவிடும். அதனால் 'தொல். சொல். சேனா.' (தொல்காப்பியம், சொல்லதிகாரம், சேனாவரையர் உரை) என்று உரையாசிரியரையும் சேர்த்துக் குறித்து, அதன் பிறகு எண் போடுங்கள். சிலப்பதிகாரம் என்றால் காதையும் அடி எண்ணும் வேண்டும்.

நான் திருத்தும் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. உ.வே.சா. புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894-இல். மாணவர் அந்த ஆண்டைப் போட்டுவிட்டு, தன்னிடம் இருக்கும் பிந்தைய அச்சின் பக்க எண்ணைக் கொடுத்திருப்பார். இரண்டும் பொருந்தாது. கையில் இருந்த புத்தகத்தின் ஆண்டையும் பக்கத்தையும் கொடுங்கள். முதற்பதிப்பு ஆண்டு முக்கியம் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். இணையப் பிரதி என்றால் அது எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்று தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய பதிப்புகள் ஸ்கேன் வடிவிலேயே இருக்கின்றன. முதல் பக்கம் முதல் பார்க்கலாம் என்பதால் அவற்றையே நம்புங்கள்.

அப்புறம், படிக்காத நூலைப் படித்தது போலக் காட்டாதீர்கள். சங்கப் பாடல்களை வாய்மொழி மரபாக ஆராய்ந்த க. கைலாசபதியின் 1968-ஆம் ஆண்டு ஆங்கில நூலை வேறொருவர் கட்டுரை வழியாகத்தான் அறிந்தீர்கள் என்றால், 'இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது' என்றே எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. அந்தக் கட்டுரையாளர் தவறாக எடுத்துக் காட்டியிருந்தால் பழி உங்கள் தலையில் விழாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கருத்துத் திருட்டு விதியைப் பற்றியும் பயப்படுகிறீர்கள். 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-க்கு மேல் போனால் ஆய்வுப் பதிவே ரத்து. உரிய சான்றோடு கொடுத்த மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேரா. ஆனால் சதவீதம் குறைந்துவிட்டது என்பதால் எழுத்து நேர்மையானது ஆகிவிடாது. அடுத்தவர் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் மாற்றி எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

சான்று காட்டும் முறைகளான எம்எல்ஏ (MLA), ஏபிஏ (APA), உங்கள் துறையின் சொந்த முறை இவற்றில் எது என்பதை நெறியாளரிடம் கேட்டு, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். அடிக்குறிப்பு முறை என்றால் வரைவு நிலையில் 'மேலது' (முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல்) என்று போடவே போடாதீர்கள். நடுவில் ஒரு புதுக் குறிப்பு நுழைந்தால் அந்த 'மேலது' வேறு நூலைக் காட்டும். ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்கம் என்றே எழுதி வாருங்கள். இறுதிப் பிரதி எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.