டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று பொருளா?

கேள்வி: எனக்கு வயது 38. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்ததால், தினமும் 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அது 2.8-க்கு இறங்கியதும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு அசதியும் முடி உதிர்வும் தொடங்கின; மூன்றாம் மாதம் பார்த்தால் மறுபடி 12. உடம்பில் ஹார்மோன் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும்போது மேலும் ஹார்மோன் மாத்திரை எதற்கு? ஆயுள் முழுக்கச் சாப்பிடத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அறிக்கையில் கூடியிருக்கும் டி.எஸ்.எச். உங்கள் தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அன்று; தைராய்டைச் சுரக்கச் சொல்லி ஏவும் ஹார்மோன். அது வருவது கழுத்திலிருந்து அல்ல, மூளைக்கு அடியில், ஓர் எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸின் இரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அந்தச் சுரப்பியும், அதற்கு மேலே இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதியும் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. தைராக்ஸின் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கியிருக்கும்; குறைந்தால் ‘இன்னும் சுர’ என்று டி.எஸ்.எச்.-ஐக் கூட்டி அனுப்பும். ஆகவே உங்கள் 14 என்ற எண், தைராய்டு மிகுதியாகச் சுரந்ததைக் காட்டவில்லை. எவ்வளவு ஏவியும் அதனால் போதிய அளவு சுரக்க முடியவில்லை என்பதையே காட்டியது.

இந்தக் கண்காணிப்பு மிகவும் நுட்பமானது. தைராக்ஸின் சிறிதளவு குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். தைராய்டு ஹார்மோனைவிட டி.எஸ்.எச்.-ஐ மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதனால்தான். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. மாதவிடாய் நிற்கும் வயதிலும் இதே கணக்குதான் நடக்கிறது: சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கக் குறைக்க, அவற்றைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்.-ஐ அதே பிட்யூட்டரி கூட்டிக்கொண்டே போகிறது.

உங்களுக்கு வந்த 2.8, சுரப்பி குணமானதற்கு அடையாளம் இல்லை. அது மாத்திரை தந்த அளவு. மாத்திரையில் இருப்பது உங்கள் தைராய்டு சுரக்க வேண்டிய அதே தைராக்ஸின்தான். உடலில் அது இல்லாத இடத்தை நிரப்பியதும் பிட்யூட்டரி அடங்கியது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் நன்றாக இருந்ததற்குக் காரணம், தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே சுமார் 7 நாட்கள் ஆகும் என்பது. நீங்கள் நலமாக இருந்த அந்த நாட்களில், சேர்ந்திருந்த இருப்பு மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்யச் சொல்வதும் இதை ஒட்டியதே.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவதற்கு மிகவும் பொதுவான காரணம், 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த அழற்சி. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைப் பகையென்று கருதிச் சிறிது சிறிதாக அழிக்கிறது. அப்படிப் போன திசு பெரும்பாலும் மீள்வதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி சிலருக்குச் சில மாதங்களில் தானே சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தியதும் 12-க்கு ஏறிய உங்களுக்கு, மாத்திரை நெடுங்காலம் தேவைப்படும் என்றே கருத வேண்டியிருக்கிறது. இதைத் தண்டனையாக எண்ணாதீர்கள். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் குன்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அதற்குமுன் வேறு சிகிச்சை இல்லாத நோய் அது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். உங்கள் கையில் இருக்கும் சிறு மாத்திரை அந்தச் சாற்றின் வழிவந்ததுதான்.

மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை மீண்டும் எந்த அளவில் தொடங்குவது என்று கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காபிக்கும் பலகாரத்துக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். காபியோடு சேர்ந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: முதல் மாதங்களில் சிசுவுக்குத் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம் என்பதால், அப்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

முடி உதிர்வைப் பற்றி எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிக்காக விற்கப்படும் பல மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கிறது. சில ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் அது டி.எஸ்.எச்.-ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும். அப்படி ஏதேனும் சாப்பிட்டு வந்தால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் தெரிவியுங்கள்.