கடனுக்குச் சிறுநீரகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணன் ஒன்றரை ஆண்டாக வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அண்ணி சிறுநீரகம் தர ஆயத்தமாக இருந்தும் இரத்தப் பிரிவு பொருந்தவில்லை. வறுமையில் வாடும் ஒருவர், உரிய விலை பெற்றுக்கொண்டு மனமுவந்து தந்தால் இரண்டு குடும்பங்களும் பிழைக்குமே, சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் அண்ணன் பிழைக்கலாம். விற்றவர் குடும்பம் பிழைக்குமா என்பதற்கான விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ஆம் ஆண்டு அங்கே நேரில் சந்தித்து நடத்திய ஆய்வு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். கைக்கு வந்த தொகை சராசரியாக 1,070 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50,000 ரூபாய். விலாவில் தழும்போடு வீடு திரும்பியவர்களின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூவருக்கு அப்போதும் கடன் இருந்தது. விற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள் என்பதைப் படித்தபோது, ‘மனமுவந்து’ என்ற உங்கள் சொல்லின் மேல் எனக்கு ஐயம் வந்துவிட்டது.

சென்னையின் வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று ஊரார் அழைத்த காலம் ஒன்று உண்டு. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி வெளிவந்த செய்திகளிலும் கடனும் தரகரும்தான் இருந்தார்கள். சிறுநீரகத்திற்கு விலை உண்டு என்று தெரிந்துவிட்டால், வட்டிக்குக் கொடுப்பவர் அதையும் தாலிக்கொடியைப் போல அடகுப்பொருளாகவே கணக்கில் வைப்பார்.

‘இவையெல்லாம் கள்ளச்சந்தையின் கேடுகள், சட்டமே அனுமதித்தால் நியாயவிலை கிடைக்காதா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். 1988 முதல் அதை அனுமதிக்கும் ஈரானில், அரசு தரும் தொகைக்கு மேல், சிறுநீரகம் பெறுபவரிடம் தனியாகப் பேரம் நடக்கிறது. அங்கும் விற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. தடை மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறவினரல்லாதவர் ‘அன்பின் காரணமாக’த் தருவதற்கு வழி விட்டிருப்பதால், அந்த அன்பை மனப்பாடம் செய்வித்து இத்தகைய கொடைக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் முன் நிறுத்துவதே தரகரின் தொழிலாகிவிட்டது.

நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள். பணம் பெறுபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளிதான்: 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அண்ணியின் இரத்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் வழி உண்டு. இதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தோடு சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ள அச்சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது; அதற்கு உங்கள் மருத்துவமனையிலேயே விண்ணப்பியுங்கள். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளுக்கான மாநிலக் காத்திருப்போர் பட்டியலிலும் அண்ணன் பெயர் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: இறந்தவரின் உறுப்பைத் தரும் குடும்பத்திற்காவது அரசு பணம் கொடுக்கலாமே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உறுப்புக்கொடையாளரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, அதை வரவேற்கிறேன். பணம் வேறு. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தும், செயற்கைச் சுவாசத்தால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயால் அதை எளிதில் நம்ப முடிவதில்லை. அந்த நேரத்தில் தொகையைப் பற்றிப் பேசினால், மூளைச்சாவுச் சான்றிதழே விலைக்கு எழுதப்பட்டதோ என்று அவர் கேட்பார்.