கழுத்தில் தெரியும் கருமை சர்க்கரையின் அறிகுறியா?

கேள்வி: எனக்கு வயது 38. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9, ஹீமோகுளோபின் 9.5 என்று வந்தது. தாளில் 70 முதல் 110 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார் கணவர். தாகமோ அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ எனக்கு இல்லை. ஆனால் பின்கழுத்து இரண்டு ஆண்டுகளாகக் கறுத்து வருகிறது. கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் தேய்த்தும் போகவில்லை. இது சர்க்கரையின் அறிகுறியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, முதலில் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், அது அழுக்கு அன்று. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்வதால்தான் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோலக் கறுக்கிறது. இப்படிக் கறுத்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கரை கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்க்கு நோய் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கருமை தோன்றினால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

தாகம் இல்லை என்பதை நீங்கள் ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்வரை சிறுநீரகம் அதை வெளியே விடுவதில்லை; தாண்டிய பிறகே சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் இறங்குகிறது, அதைத் தொடர்ந்துதான் தாகம் எடுக்கிறது. ஆகவே, மக்கள் 'பார்டர் சுகர்' என்று சொல்லும் இந்த முன்நிலையில் தாகத்துக்காகக் காத்திருப்பவர், நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் திரும்பி வருவதற்கு வழி உள்ள காலம் இதுதான்.

108 என்ற எண்ணைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 110 முதல்தான் முன்நிலை என்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமோ 2003இல் அந்த எல்லையை 100 ஆகக் குறைத்துவிட்டது. அம்மாவின் நோயையும் கழுத்துக் கருமையையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்களுக்கு 100 என்ற எல்லையே பொருந்தும் என்பது என் கருத்து. 5.7 முதல் 6.4 வரையிலான ஹெச்பிஏ1சி முன்நிலையைக் குறிக்கும் என்றாலும், இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை அந்த எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், உங்கள் 5.9ஐ மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. ரத்தசோகைக்குக் காரணம் கண்டு மருத்துவம் செய்துகொள்வது தனியே அவசியம்.

எனவே, குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். இரவு முழுவதும் வெறும் வயிறாக இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, நடமாடாமல் அமர்ந்திருந்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140க்குக் குறைந்தால் இயல்பு. 140 முதல் 199 வரை முன்நிலை. 200ம் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். பரிசோதனைக்கு முந்தைய நாள்களில் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டு விடாதீர்கள், முடிவு பிழையாகிவிடும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. ஒல்லியான உடல், நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலை. குளுக்கோஸ் பரிசோதனையில் 156 வந்தது. எடை குறைக்கச் சொல்கிறார்கள். ஒல்லியான நான் எதைக் குறைப்பது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: எடைக்கருவியை விட்டுவிட்டுத் தையல் டேப்பை எடுங்கள். கைகால் மெலிந்திருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது நம்மவரிடையே மிகுதி. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது. உங்களைப் போல் முன்நிலையில் இருந்த 531 இந்தியரைச் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஏறத்தாழ 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் சீரானவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஆகவே நீங்கள் பட்டினி கிடக்க வேண்டாம். தட்டில் சோற்றின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தைப் பொரியல், கீரை, சுண்டல், முட்டை போன்றவற்றால் நிரப்புங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடங்கள். வேலைக்கு நடுவே மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நில்லுங்கள். மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுத்த ஆண்டு இதே பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ளுங்கள்.