கல்விக் காணொளியும் காட்டூனும் பிள்ளையின் மனதை என்ன செய்யும்? நம்மை என்ன செய்யும்?

கேட்டவர் மூன்று வயதுப் பிள்ளையின் தாய். "படிப்பிக்கிற காணொளி மட்டும்தான் போட்டுக் கொடுக்கிறேன், அது பரவாயில்லையா? பெரியவர்களுக்கும் இதனால் பாதிப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறார். நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் சில வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள், ஒரு பிள்ளைக்கு அம்மா. அந்த அளவில் என் பதில்.

என் மகன் மூன்று வயதில் ஒன்றிலிருந்து இருபது வரை இங்கிலிஷில் மூச்சு விடாமல் சொல்லுவான். யூரியூப் பாட்டுத்தான் குரு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லச் சொல்லிக் காட்டுவேன், பெருமைதான். ஒருநாள் குசினியில் நின்று "மூன்று வெங்காயம் எடுத்துக்கொண்டு வா ராசா" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து நிலத்தில் கொட்டிவிட்டு "த்ரீ" என்றான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு, எண் இல்லை.

அப்புறம் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட். ரிவி இல்லை, போனில் இருக்கும் சார்ஜை அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் அவன் அழுத அழுகை அயல் முழுக்கக் கேட்டது. பிறகு தானாகவே அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தத் தொடங்கினான். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த காலம், கரைவலையில் படும் சூடை மீன்தான் மலிவு. அம்மா முற்றத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டே "இது எத்தனையாவது?" என்பார். இவன் "ஏழு" என்பான். "ஏழா? பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதே, அதைக் கழிச்சியா?" இவன் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பான், பூனையையும் பார்ப்பான், திரும்ப முதலில் இருந்து எண்ணுவான். இரண்டு கிழமையில் பத்து வரை உண்மையாகவே எண்ணினான்.

இது எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. 2003 இல் பட்ரீசியா குல் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்களை நேரில் இருத்தி 12 தடவை கதைக்கவும் விளையாடவும் வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகிக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை பிள்ளை பார்க்கிற பக்கம் திரும்பாது, தப்பாகச் சொன்னால் நிற்காது. இரண்டரை மூன்று வயது வரை இந்த இடைவெளி பெரிது, வளர வளரக் குறையும். அதனால் எல்லாம் வீண் என்றும் சொல்லமாட்டேன். 1969 இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் ரிவி நிகழ்ச்சி மூன்றிலிருந்து ஐந்து வயதுக்காரருக்கு எழுத்தும் எண்ணும் படிப்பித்தது ஆய்வுகளில் நன்றாகவே தெரிந்த விஷயம். மெதுவான, திரும்பத் திரும்பச் சொல்கிற நிகழ்ச்சி உதவும். படபடவென்று காட்சி மாறும் காட்டூன் வேறு கதை. 2011 இல் வந்த ஒரு பரிசோதனையில் நாலு வயதுப் பிள்ளைகள் அப்படி ஒன்றை வெறும் 9 நிமிடம் பார்த்த கையோடு, பொறுத்திருப்பதிலும் யோசித்துச் செய்வதிலும் படம் கீறிக்கொண்டிருந்த பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். 60 பிள்ளைகள்தான், உடனடி விளைவு மட்டும்தான் பார்த்தார்கள். அதை வைத்து மூளையே கெட்டுவிடும் என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள்.

சரி, பெரியவர்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பாதிதான். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்ளே வந்தபோது அம்மா செருப்பும் இல்லாமல் ஓடியவர். அடுத்த வருடமே டச்சுபே கடற்கரையில் காற்று வாங்கப் போய் இருந்தார். கனடாவில் இருக்கும் மாமா இரண்டு கிழமை ரிவிக்கு முன்னால் இருந்து அலை வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். ஐந்து வருடம் கழித்து வந்தபோது பிள்ளைகளை நிலாவெளிக் கடலில் கால் நனைக்கக்கூட விடவில்லை! அம்மாவுக்குச் சிரிப்பு, எனக்கு அப்போது விளங்கவில்லை. 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு செய்த ஆய்வை வாசித்தபோதுதான் மாமா நினைவுக்கு வந்தார். அந்தக் கிழமை நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் செய்தி பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிட மன உளைச்சல் அறிகுறிகள் அதிகம். பயந்த மனம்தான் கூடப் பார்க்கும் என்றும் வாதிடலாம். ஒன்று மற்றதை வளர்க்கும் என்றே நினைக்கிறேன்.

நானும் பெரிய திறம் இல்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு கையில் மூன்று மாதப் பிள்ளை, மறு கையில் போன். அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கினால் விபிஎன் போட்டுப் பார்த்தேன். பால் குடிக்கிற பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், நான் காணவே மாட்டேன். பின்னணியில் ரிவி ஓடினாலே பெற்றோர் பிள்ளையோடு கதைப்பது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

ஆகவே உங்களுக்கு: காணொளி போட்டால் பக்கத்தில் இருங்கள், இடையில் நிறுத்திக் கேளுங்கள், அதில் வந்த சாமானை வீட்டில் தேட விடுங்கள். உங்கள் போனையும் கவிழ்த்து வையுங்கள்.

மகன் இப்போது தரம் 2. போன மாதம் இருவருமாக நீலத் திமிங்கிலம் பற்றிய காணொளி ஒன்று பார்த்தோம். நம்முடைய கடலுக்கும் அது வரும் என்றேன், விடவில்லை. கோணேசர் கோயில் மலையில் மதிலைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். திமிங்கிலம் வரவில்லை. இறங்கும்போது அங்குள்ள கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று யாரோ ஒருவருடைய அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் அவன் சொன்னது அதைத்தான், மூன்று தரம், ஒவ்வொரு தரமும் பழத்தின் எண்ணிக்கை கூடியது.