இந்திய அரசு செயற்கை நுண்ணறிவுக் கணினி வசதிக்கு ஏன் பணம் ஒதுக்குகிறது?

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘இந்தியாஏஐ’ திட்டத்தின் மதிப்பு, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய். அதில் மிகப் பெரிய பங்கு ஜிபியு வசதிக்கானது.

ஜிபியு என்பது ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லு. தமிழை நன்கு கையாளும் ஒரு மொழி மாதிரியை, அதாவது உரையைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்க, இவை நூற்றுக்கணக்கில், வாரக்கணக்கில், இரவுபகலாக ஓட வேண்டும். இவை இயங்கும் கட்டடமே தரவு மையம்: வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள், இடையே குளிர்காற்று, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத விசிறி இரைச்சல், வெளியே மின்தடைக்கென நிறுத்திய டீசல் ஜெனரேட்டர்கள்.

இவ்வளவையும் ஒரு கல்லூரி ஆய்வுக்குழுவோ சிறு நிறுவனமோ சொந்தமாக வாங்க முடியாது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அறுவடை இயந்திரம் வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார், வேளாண் பொறியியல் துறை மூலம் குறைந்த வாடகைக்கும் பெறுகிறார். இத்திட்டமும் அப்படித்தான் ஜிபியு நேரத்தை மானிய விலையில் தருகிறது. திறமை இருந்தும் கருவி இல்லாமல் நிற்பவர்களுக்கு இது மிக அவசியமான உதவி என்றே கருதுகிறேன்.

முழுத் தொகையும் அரசுக் கட்டடங்களுக்கே போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஜிபியுக்களைத் தம் மையங்களில் வைத்து இயக்குபவை தேர்வான தனியார் நிறுவனங்கள், மீதித் தொகை தரவுத் தொகுப்புகள், பயிற்சி, புதிய நிறுவனங்களுக்கான நிதி எனப் பிரிகிறது.