ராம் விலை ஏறும்போது கம்பெனிகள் ஏன் உற்பத்தியைக் கூட்டுவதில்லை?

கம்ப்யூட்டரில் போடும் ராம் நினைவகத்தின் விலை இப்படி ஏறிக் கிடக்கிறதே, கூடுதலாகத் தயாரித்து விற்றால் அவர்களுக்கும் லாபம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி என் கடையிலும் தினமும் வருகிறது.

என் மேஜை டிராயரில் பழைய ராம் நிறையக் கிடக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் கறுப்புச் சில்லின் மேல் பொடி எழுத்தில் தயாரித்தவர் பெயர் இருக்கும். ஒன்றில் கிமோண்டா, இன்னொன்றில் எல்பிடா. பொன்னிறப் பட்டையை அழிரப்பரால் தேய்த்துச் செருகினால் இன்றும் ஓடுகின்றன. தயாரித்த கம்பெனிகள்தான் இல்லை. ஜெர்மனியின் கிமோண்டா 2009 ஜனவரியில் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012 பிப்ரவரியில் விழுந்தது, மறு வருடம் மைக்ரான் வாங்கிக்கொண்டது. 1970இல் 1103 என்ற சில்லோடு இந்தத் தொழிலுக்கே வழி போட்ட இன்டெல்கூட 1985இல் டிராமை, அதாவது ராமில் இருக்கும் நினைவகச் சில்லை, விட்டு விலகிவிட்டது.

இவர்கள் ஏன் விழுந்தார்கள் என்பது, அப்பா சவுக்கு போட்டவர் என்பதால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சவுக்கு விலை ஏறிய வருடம் ஊரே கன்று நடும். நாலு வருடம் கழித்து எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வெட்டு வரும், விலை படுத்துவிடும். டிராமிலும் அதே கதை. ஒரு தொழிற்சாலை எழும்ப இரண்டு மூன்று வருடம் ஆகும், ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழுக்கும். யார் சில்லாக இருந்தாலும் ஒரே அளவு, ஒரே செருகி. அதனால் வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். இதில் ஒரு வித்தியாசம் உண்டு. விலை இல்லையென்றால் சவுக்கை இன்னும் ஒரு வருடம் நிற்க விடலாம். சில் தொழிற்சாலையை அப்படி நிறுத்திவைக்க முடியாது. கடனும் இயந்திரச் செலவும் ஓடிக்கொண்டே இருக்கும், நஷ்டத்துக்காவது விற்றாக வேண்டும்.

சாம்சங் பிடித்த வழி இங்கேதான். 1980களில் விலை விழுந்து மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டபோது அவர்கள் தொழிற்சாலை கட்டிக்கொண்டே போனார்கள். விலை திரும்பியபோது சரக்கு அவர்கள் கையில் இருந்தது. நஷ்டத்தைத் தாங்க வேறு தொழிலின் பணம் பின்னால் இருந்ததால்தான் அது முடிந்தது.

அப்புறம் மிஞ்சியது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான். உலக டிராமில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவர்களுடையது. 2022 கடைசியில் விலை சரிந்ததும் மற்ற இருவரும் உற்பத்தியைக் குறைத்தார்கள். சாம்சங் பிடிவாதமாக நின்று 2023 ஏப்ரலில் இறங்கி வந்தது. அந்த வருடம் அதன் சில் பிரிவுக்கு நஷ்டம் சுமார் 15 லட்சம் கோடி வொன். அந்தச் சூடு இன்னும் ஆறியிருக்காது. விலை ஏறியவுடன் ஓடிப்போய் நட அவர்கள் தயங்குவதற்கு அதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

கூடவே ஏ.ஐ. வந்தது. அதற்கான எச்.பி.எம். என்ற அதிவேக நினைவகம், நம் கம்ப்யூட்டரில் போடும் டிடிஆர்5 ராமுக்கு அதே கொள்ளளவில் ஆவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேஃபரை, அதாவது சில்களை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டை, தின்கிறது. லாபமும் அதில்தான். நிலம் அதேதான், பயிரை மாற்றிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. வியாபாரக் கணக்கில் சரிதான். ஆனால் 4 ஜிபி லேப்டாப்போடு ப்ராஜெக்ட் முடிக்கத் திணறும் பாலிடெக்னிக் பிள்ளைக்கு நான் விலையைச் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது.

இனி கவனிக்க வேண்டியது சீனாவின் டிராம் கம்பெனியான சி.எக்ஸ்.எம்.டி. 2016இல் தொடங்கி, அரசுப் பணத்தோடு, சாம்சங் அன்று போன அதே வழியில் வருகிறது. குஜராத் சானந்தில் மைக்ரான் ஆலை இருக்கிறதே, விலை குறையாதா என்றும் கேட்கிறார்கள். அங்கே நடப்பது வெளியிலிருந்து வரும் வேஃபரைச் சில்லாக்கி உறையிட்டுச் சோதிக்கும் வேலை. வேஃபர் அங்கே விளைவதில்லை.