செவ்வாக்கெழம போய் சாப்புடுங்க அம்மிணி

அண்ணா, வணக்கமுங்க.

எங்க ஊரு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல, பேரு போட்டா கடை எதுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும், அதனால வேண்டாம். நான் எட்டாவது படிக்கறப்ப பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒரு பீஸா கடை போட்டாங்க. போர்டுல பிட்ஸா, பில்லுல பீட்சா, எங்க வாயில பீஸா. அந்தக் கடைக்காரண்ணன் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல சமையலுக்கு இருந்தவரு, துணி வாங்க வர்ற வெளிநாட்டு பையருங்களுக்கு செஞ்சு செஞ்சே கத்துக்கிட்டது. அவரு மாவு தட்டுவாரு, அக்கா சாஸ் காய்ச்சுவாங்க, அவங்க மாமியா சின்ன வெங்காயம் உரிப்பாங்க, பையனும் பொண்ணும் ஸ்கூல் விட்டு வந்தா பில் போடுவாங்க. பள்ளிபாளையம் சிக்கன் பீஸான்னு ஒன்னு, வரமொளகா, தேங்காச் சில்லெல்லாம் போட்டு. எங்க செட்டு பொறந்தநாள் எல்லாமே அங்கதான்.

இப்ப பைபாஸ்ல பெரிய கம்பெனி பிராஞ்ச் ஒன்னு வந்திருச்சுங்க. ஏசி, ஒன்னு வாங்குனா ஒன்னு ஃப்ரீ. அண்ணன் தைப்பொங்கலோட மூடிரலாம்னு இருக்கறாராம், பையன் கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிட்டான், கடைக்கு வரவே மாட்டேங்கறானாம். எங்க ஸ்கூல் வாட்ஸப் குரூப்புல அறுபது பேரு, பாதிப் பேரு ஊர்லயேதான் இருக்கறாங்க, ரெண்டு நாளா ஒரே அழுகாச்சி ஸ்டேட்டஸ். அப்பா அம்மா இத்தன வருசம் கட்டிக்காத்தத இப்படி உட்டுட்டுப் போலாமான்னு அந்தப் பையன் மேலதான் எனக்குக் கோவமா வருது.

இன்னொன்னுங்க. போன நோம்பிக்கு பெங்களூர் பிரெண்டு ஒருத்திய அங்க கூட்டிட்டுப் போனேன். "இது பீஸாவே இல்லடி, பன்னு மேல பொரியல்"னு சிரிச்சுட்டா. ஒரு மாதிரி ஆயிருச்சு. நெசமாவே அது நல்லா இருக்குதா, இல்ல எனக்குத்தான் பழைய நெனப்பா? அப்புறம், பீஸா மேல கெச்சப் ஊத்தித் திங்கறது தப்புங்களா?

பேரு வேண்டாமுங்க, இப்ப பெங்களூர்

*

அம்மிணி,

உங்க கடுதாசி வந்து பத்து நாளாச்சு. பதில் போடலாம்னு உக்கார்றப்பெல்லாம் கோவமா எழுத வந்து, வேண்டாஞ்சாமின்னு எந்திரிச்சுட்டேன். கோவம் உங்க மேல இல்ல, அந்த வாட்ஸப் குரூப்பு மேல, அதுக்கு அப்புறமா வரேன்.

மொதல்ல உங்க பிரெண்டு சொன்னது. பன்னு மேல பொரியல். நல்லாத்தான் சொல்லியிருக்கறா, படிச்சுட்டு நானே சிரிச்சுட்டேன். ஆனா அது குத்தமில்லைங்க, அடுப்போட கணக்கு. இத்தாலில பீஸாவுக்குப் பேர்போன நேபிள்ஸ் ஊர்ல வெறகு அடுப்பு 430, 480 டிகிரின்னு கொதிக்கும், பச்ச மாவ உள்ள உட்டா 60ல இருந்து 90 செகண்டுல வெந்து வெளிய வந்துரும், அதனால நடுவுல ஈரமா தொவண்டு கெடக்கும், ஓரம் மட்டும் கருகுனாப்புல உப்பியிருக்கும். நம்ம பக்கத்து பேக்கரி ஓவன் 250ஐத் தாண்டறதே பெருசு. அதுல பச்ச மாவு மேல சாஸ ஊத்தி வெச்சா, மேல இருக்கற காயி வேகறதுக்குள்ள மாவு ஊறி களி மாதிரி ஆயிரும். அதனால என்ன பண்றாங்கன்னா, மாவத் தட்டி, உப்பாம இருக்க முள்கரண்டில பொட்டு பொட்டா குத்தி, முக்கா வேக்காட்டுல சுட்டு எடுத்து அடுக்கி வெச்சுக்கறாங்க. ஆர்டர் வந்தா மேல போட வேண்டியதப் போட்டு மறுக்கா ஒரு எட்டு பத்து நிமிசம். அடில மொறுமொறுன்னு, உள்ள பன்னு மாதிரி வரும். தேங்கா பன்னு சுடற கை சுட்ட பீஸா, அவ்ளோதான். உங்க பிரெண்டு தின்னு பழகுனது வேற சாதி, இது வேற சாதி.

அந்த நேபிள்ஸ்க்காரன் மட்டும் என்னவாம், தக்காளியே அவன் ஊரு பண்டம் இல்ல, அமெரிக்காவுல இருந்து கப்பல் ஏறிப் போனது, நம்மூட்டு வரமொளகா மாதிரியே. அங்க அது கூலிக்காரங்க தெருவுல வாங்கி நாலா மடிச்சுத் தின்ன பண்டம். 1889ல ராணி மார்கரிட்டாவுக்கு இத்தாலிக் கொடி கலர்ல தக்காளி, சீஸ், துளசி மாதிரி ஒரு எல போட்டுக் குடுத்தாங்கன்னு ஒரு கத சொல்லுவாங்க, அதுக்கு சாட்சியா காட்டற கடுதாசியே டூப்பா இருக்கும்னு வரலாறு படிச்சவங்க ஓரியாட்டம் பண்ணிட்டுக் கெடக்கறாங்க. 2017ல யுனெஸ்கோ அந்த பீஸா தட்டற கலைய மானுடச் சொத்துன்னு பட்டியல்ல சேத்துச்சு. நல்லதுதான், சந்தோசம். நம்மூர்ல பள்ளிபாளையம் சிக்கன பீஸா மேல போட்டதுக்கு யாரும் பட்டயம் தர வேண்டாம். ஆனா மசாலாப் பொடி எதுவும் போடாம வெறும் வரமொளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் வெச்சு ஆகற கறி சீஸுக்கு இவ்ளோ ஒட்டும்னு கண்டுபுடிச்சாரு பாருங்க உங்க அண்ணன், அவருக்கு நாக்கு இருக்குது.

அவரு பையருங்களுக்கு செஞ்சு கத்துக்கிட்டதா எழுதியிருந்தீங்க, அதப் படிச்சதும் எனக்கு தனியா ஒரு சந்தோசம். 1978ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரரு வெள்ள பனியன் வாங்க வந்ததுலதான் திருப்பூரோட ஏற்றுமதிக் கதையே ஆரம்பிக்குதும்பாங்க. பெரிய பீஸா கம்பெனிங்க இந்தியாவுல மொதக் கடை தொறந்தது 1996, அதும் டெல்லியிலயும் பெங்களூர்லயும். ஆக நம்ம பக்கம் பீஸா கடைக்கு முன்னாடியே இத்தாலிக்காரன் வந்துட்டான், பனியன் மூட்டை வழியா.

நல்லா இருக்குதா பழைய நெனப்பான்னா, ரெண்டுந்தான். பிரிக்க முடியாது, பிரிச்சு என்ன பண்ணப் போறோம்.

இப்ப அந்தப் பையன். இங்கதான் உங்களோட எனக்கு ஒத்துவரல.

பெருந்துறை பக்கம் எங்கய்யனும் எங்கம்மாளும் இட்லிக் கடை வெச்சிருந்தாங்க. வெடியால மூணரைக்கு அடுப்புப் பத்த வெக்கணும். ஆறாவதுல இருந்து கணக்கு நோட்டு எழுதறது என் வேல. நீள நோட்டு, செவப்புக் கோடு. வெறகு இவ்ளோ, பாலு இவ்ளோ, வாழையெல இவ்ளோ, மாஸ்டருக்குக் கூலி, எச்செல எடுக்கற ஆயாவுக்குக் கூலி, எல்லாம் எழுதுவேன். எங்கம்மா பேரு அந்த நோட்டுல ஒரு பக்கத்துலயும் இல்ல. என் பேரும் இல்ல, தங்கச்சி பேரும் இல்ல. மாசக் கடைசில கூட்டிக் கழிச்சு லாபம்னு ஒரு தொக நிக்கும், எங்கய்யன் அதப் பாத்து தலையாட்டுவாரு. காலேஜுல காமர்ஸ் படிக்கறப்ப ஒருநா சும்மா உக்காந்து எங்க நாலு பேருக்கும் கூலி போட்டுப் பாத்தேன். லாபத்த விட கூலி எச்சு. அதாவது அந்தக் கடைல லாபமே வந்ததில்ல, எங்கம்மா வாங்காம உட்ட கூலியத்தான் நாங்க லாபம்னு பேரு வெச்சுத் தின்னுட்டிருந்தோம்.

எங்கம்மாளுக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேல உள்பக்கம் முடியே இருக்காதுங்க. இட்லிக் குண்டா மூடியத் தொறக்கறப்ப ஆவி அடிச்சு அடிச்சு அந்த எடம் மட்டும் வார்னிஷ் அடிச்ச பலக மாதிரி மினுமினுன்னு இருக்கும். அடுத்த தடவ பீஸா கடைக்குப் போறப்ப அந்த அக்காவோட முன்னங்கையப் பாருங்க, ஓவன் கதவு விளிம்பு பட்டு கோடு கோடா தழும்பு இருக்கும், இல்லேன்னா நான் எழுதறதையே உட்டர்றேன். எல்லாரும் "குடும்பமா சேந்து நடத்தற கடை"ன்னு போட்டோ போட்டு ஹார்ட்டு உடறாங்களே, அதுக்கு அர்த்தம் என்னன்னா ஒரு கெழவி எழுவது வயசுல கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த வெங்காயம் உரிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தம், ஸ்கூல் விட்டு வந்த புள்ள வெளையாடப் போகாம கல்லாவுல உக்காந்திருக்குதுன்னு அர்த்தம். நீங்க அங்க பொறந்தநாள் கேக்கு வெட்டுனப்ப உங்க வயசுப் பையன் ஒருத்தன் உங்களுக்கு பில் போட்டுட்டு இருந்தான் பாருங்க, அவன் பொறந்தநாளு எங்க கொண்டாடுனான்னு உங்க செட்டுல யாருக்காச்சும் தெரியுமா?

நானும் ஓடிப்போனவந்தான். பன்னெண்டாவது முடிச்சதும் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல சேந்துட்டேன், லீவுக்கு வந்தாலும் கடைப் பக்கம் போக மாட்டேன், மாவு வாசம் அடிச்சாலே வவுறு கலக்கும். ஊர்ல எல்லாரும் எங்கய்யன்கிட்ட "பையன் இப்படி உட்டுட்டானே"ன்னு சொன்னாங்க. சொன்னவங்க யாரும் அவங்க பையன கடைக்கு அனுப்பல. நாங்க மூடற அன்னைக்கு ஊரே வந்துச்சு. வெடியால அஞ்சரைக்கே வரிசை, ஏழரைக்கெல்லாம் மாவு காலி, அரிசி ஊறப் போடலாமான்னு மாஸ்டர் கேக்கறாரு. எங்கம்மா சட்னி வாளியக் கழுவிக்கிட்டே, "போன வாரம் பூரா ரெண்டு குண்டா மாவு புளிச்சுப் போயி மாட்டுக்கு ஊத்துனேன், அப்ப இவங்கெல்லாம் எங்க போயிருந்தாங்க கண்ணு"ன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் இல்ல, நான்கூட மூணு வருசமா அங்க ஒரு இட்லி தின்னதில்ல.

அதனாலதான் குரூப்பு மேல கோவம். ஊர்லயே முப்பது பேரு இருக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க கடைசியா அங்க தின்னது எப்போ? நோம்பிக்கு, பொங்கலுக்கு, யாராச்சும் பெங்களூர்ல இருந்து வந்தப்போ. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு கடையில குறையே இல்லைங்க, கடையக் கொல்றது செவ்வாக்கெழமையும் புதங்கெழமையும். ஒரு பீஸா சுட்டாலும் இருவது சுட்டாலும் ஓவன் சூடாக அரை மணி நேரம் கேஸ் எரிஞ்சே ஆகணும். மத்தியானம் மாவு பெசையறப்ப பொழுதோட எத்தன பேரு வருவாங்கன்னு குத்துமதிப்பாத்தான் பெசையணும், சித்திர வெயில்ல ஐஸ் தண்ணி ஊத்திப் பெசஞ்சாலே ஈஸ்ட் பொங்கித் தள்ளிரும், மிஞ்சுனா நாளைக்கு ஆகாது. முப்பது பேரு வாரத்துக்கு ஒருக்கா, சனி ஞாயிறு இல்லாம போனா ஒரு நாளைக்கு ஆறு பீஸா ஆச்சு. ஆறு பீஸாவுல குடும்பம் நிக்காது, ஆனா ஓவன் பத்த வெச்ச காசாவது வரும்.

வெல ஏத்திட்டாருன்னு குரூப்புல யாராச்சும் பேசியிருப்பாங்க, பேசாம இருந்திருக்க மாட்டாங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சீஸுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆச்சு, பீஸா பிரெட்டுக்கு 5ல இருந்து ஒன்னுமில்லன்னு ஆச்சு, அப்புறமும் ஏன் கொறைக்கலம்பாங்க. கடை சிலிண்டருக்கு 18 அப்படியேதான் இருக்குது. சின்னக் கடைங்க பலதும் காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கும், அதுல வித்த மொத்தப் பணத்துக்கும் 5 சதவீதம் கைக்காசுல கட்டணும், உங்ககிட்ட தனியா வரின்னு வாங்கவும் முடியாது, சீஸுக்கும் சிலிண்டருக்கும் கட்டுன வரியக் கழிக்கவும் முடியாது. ஒன்னு வாங்குனா ஒன்னு ஃப்ரீன்னு குடுக்கறவன் மொதல்லயே ரெண்டு பீஸாவுக்கு ஒரு வெல வெச்சிருக்கறான். உங்க அண்ணனுக்கு அந்த வித்த தெரியல.

சரி, என்னதான் பண்றதுன்னா, பையன திட்டாதீங்க. அவங்க மூடறதுன்னா மூடட்டும், அக்காவுக்கு ஓய்வு வேணும்னா எடுத்துக்கட்டும், உங்க பன்னெண்டாங்கிளாஸ் நெனப்புக்காக இன்னும் பத்து வருசம் அந்தம்மா கை சுட்டுக்க வேண்டியதில்ல. ஒருவேள அவங்களுக்கே மனசு இல்லாம, யாவாரம் இல்லைன்னுதான் மூடறாங்கன்னா அப்ப பேச்சு வேற. மாமியாளுக்குப் பதிலா கூலிக்கு ரெண்டு ஆளப் போட்டா என்ன வெல வருமோ அந்த வெலயப் போடச் சொல்லுங்க, போட்டா நாங்க வாங்கறோம்னு உங்க குரூப்பு சொல்லட்டும். எத்தன பேரு சொல்றாங்கன்னு எனக்கும் எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசையாத்தான் இருக்குது.

கெச்சப் ஊத்தலாமா? தாராளமா ஊத்துங்க. ஆனா அக்கா தக்காளியக் காய்ச்சி சாஸ் வெச்சதுக்கு மேல எதுக்குன்னுதான் எனக்குத் தோணுது, மொதக் கடி அது இல்லாம கடிச்சுப் பாருங்க.

கடை எங்கன்னு தனியா மெயில் போடுங்க, வெளிய சொல்ல மாட்டேன். வர்ற வாரம் தாராபுரத்துல ஒரு பத்திர வேல இருக்குது, எப்புடியும் அந்த வழியாத்தான் வருவேன். செவ்வாக்கெழம.